தட்டிப் பார்த்த வள்ளம்

நந்திதுர்க்கில் பிறந்து வளர்ந்த எனக்கு நீர்ப்பரப்பு என்றால் பேத்தமங்கலம் ஏரிதான். பாலாற்று நீரைத் தேக்கும் அந்த ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது. அதன் கரையில் நின்று, "கடலும் இப்படித்தான் இருக்குமா?" என்று என் தங்கை ஒருநாள் கேட்டாள். அதற்கு விடை சொல்லத்தக்கவர் அன்று எங்கள் வீட்டில் எவரும் இல்லை. அவளே பின்னர் ஒரு கடற்கரையில் வாழ்க்கைப்பட்டாள். அந்த வாழ்க்கைக்காக ஒரு பழைய மீன்பிடி வள்ளத்தை விலைக்கு வாங்க நாங்கள் அலைந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் தந்தையார் நந்திதுர்க் சுரங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தவர். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் பிரிவில் மேஸ்திரியாக இருந்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய பெருந்தொழில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் முடிவுற்றபோது அவருக்கு வயது ஐம்பது. கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை எடுத்துத் தங்கைக்கு ஐந்து பவுனில் சங்கிலி செய்தார். ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கமே தேறும் என்பதை அறிந்தவர் அவர். எங்கள் வீட்டுக்குள் தங்கம் என்று சொல்லத்தக்க ஒன்று நுழைந்தது, சுரங்கம் மூடிய பிறகுதான்.

தங்கை பெங்களூரில் செவிலியாகப் பணியாற்றியபோது, குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த இளைஞரை விரும்பி மணந்தாள். இரு குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பங்களாதலால் பெரிய எதிர்ப்பு எழவில்லை. மாப்பிள்ளை சில ஆண்டுகள் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பிறர் வள்ளத்தில் பங்குக்குப் போவதை விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். புதிது வாங்க வசதியில்லை. சங்கிலியை அடகு வைத்து, பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றை மோட்டாருடன் வாங்குவதென்று முடிவாயிற்று. 2011 சனவரியில் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு நாகர்கோவில் வண்டி ஏறினேன்.

தரகர் காட்டிய வள்ளம் என் கண்ணைப் பறித்தது. நீலமும் வெள்ளையுமாகப் புதுவண்ணம். அணியத்தில் அழகான எழுத்தில் புனிதர் ஒருவரின் பெயர். பின்புறத்தில் ஜப்பானிய மோட்டார், 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். நான் மத்திய அரசு அலுவலக எழுத்தன் அல்லவா? காகிதங்களைப் பார்த்தேன். பதிவு எண் சரி, மோட்டார் எண் சரி, பழைய ரசீதும் இருந்தது. காகிதம் சரியாயிருந்தால் பொருளும் சரியாயிருக்கும் என்று நம்புவது எங்கள் இனத்தின் பிறவிக்குணம். அன்றிரவே முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினேன். மாப்பிள்ளை ஐயாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை தந்தையார் வள்ளத்தைப் பார்க்க வந்தார். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டவர். மணலில் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். வந்தவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சிறு சுத்தியலின் மரப்பிடியால் வள்ளத்தை ஒரு சாண் இடைவெளிவிட்டுத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர் என்று வந்த ஒலி, மோட்டாரைத் தாங்கும் பின்பலகையருகே வந்ததும் பொத்தென்று அடங்கியது. மீண்டும் தட்டினார், மீண்டும் அதே ஒலி. மோட்டாரின் காலைப் பற்றி மேலும் கீழும் அசைத்தார். பலகை மெல்ல வளைந்து கொடுத்தது. உள்ளே மரம் நீரூறி உளுத்திருந்தது. மேலே ஃபைபர் மட்டும் பளபளத்தது.

சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் அடியில் நிற்கலாம். பொத்தென்றால் உள்ளே பிளவு இருக்கிறது என்று பொருள், விலகிவிட வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் உயிரைக் காத்தது அந்தச் செவிதான்.

அடுத்து மோட்டார். இயக்கிக் காட்டுமுன்பே அதன் தலையில் கை வைத்தார். சுட்டது. "காலையிலிருந்து ஓட்டவில்லை என்றீர்களே?" என்று கேட்டார். தரகர் பேசவில்லை. குளிர்ந்த நிலையில் எளிதில் பற்றாத எஞ்சினை முன்கூட்டியே சூடேற்றி வைப்பது விற்பவர்களின் பழைய உபாயம். தந்தையார் ஒரு காலத்தில் மைசூரில் செய்யப்பட்ட எஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் குணமெல்லாம் அதிலிருந்து கற்றதே. இவ்வகை எஞ்சினுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளை நனைக்க வேண்டும். கலவையில் எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் தேயும். மிகுந்தால் பிளக்கில் கரி படியும். கடலில் ஓடும் மோட்டாரை முதலில் பெட்ரோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு வருவது நல்லது. இதை மாப்பிள்ளை சொல்லித் தந்தையார் அன்றுதான் அறிந்தார்.

அவர் வேண்டாம் என்றார். மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. ஊரார் நாலு பேர் நின்றிருந்தார்கள். "மாமா, குறை இல்லாத பழைய வள்ளம் எங்கே கிடைக்கும்? கடலில் போகிறவன் நான். உங்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?"

"எனக்குக் கடல் தெரியாது, மாப்பிள்ளை. பொத்தென்று கேட்டால் அதன் கீழே நிற்கக்கூடாது என்பது மட்டும் தெரியும்."

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. தங்கை இருவருக்கும் சோறு போட்டுவிட்டு அடுப்பங்கரையில் அமர்ந்திருந்தாள். முன்பணம் திரும்பவில்லை; என் ஒப்பந்தத்தில் அதற்கு வழி செய்ய நான் மறந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை தாமாகவே அந்த வள்ளத்தண்டை சென்று கல்லால் தட்டிப் பார்த்தார் என்று பின்னர் தங்கை சொன்னாள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரைகளுக்கு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவசரத்தில் கட்டப்பட்ட அவற்றுள் தரம் குன்றியவை பல. நாங்கள் கண்டதும் அவ்வகையதாக இருக்கலாம். அதற்காகப் பழைய வள்ளமெல்லாம் பழுது என்று கொள்ள வேண்டாம். முட்டம் பக்கத்தில் முதியவர் ஒருவர் விற்ற வள்ளம் வண்ணம் மங்கி, பார்க்கவே சோர்வாயிருந்தது. ஆனால் அணியம் முதல் அமரம் வரை ஒரே கணீர். மோட்டாரின் மூடி வெயிலில் வெளுத்திருந்தது, கைக்குக் குளிர்ந்திருந்தது. மூன்றாம் இழுப்பில் பற்றியது. பின்புறத் துளையிலிருந்து வரவேண்டிய குளிர்நீர்த் தாரை மட்டும் மெலிந்திருந்தது. "தண்ணி இழுக்கிற ரப்பர்ச் சக்கரம் தேஞ்சு போச்சு, மாத்திக்கணும்" என்று கேட்குமுன்பே சொல்லிவிட்டார் அந்த முதியவர். குறையைத் தாமே சொன்னவரிடம் தந்தையார் பேரம் பேச மறுத்துவிட்டார். இதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை, இரண்டாயிரமாவது குறைத்திருக்கலாம்.

சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின.

வள்ளம் முதன்முறை கடலுக்குச் சென்ற இரவு, தந்தையார் உறங்கவில்லை. பின்னிரவில் எழுந்துபோய் மணலில் அமர்ந்தார். சுரங்கத்தில் பாறை வெடித்தால் எங்கள் லைன் பெண்கள் ஷாஃப்ட் வாயிலில் வந்து நிற்பார்கள். என் தாயும் நின்றிருக்கிறாள். நிற்க வைத்தவர் அன்று தாமே காத்திருந்தார். விடியும் நேரத்தில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து மோட்டார் ஓசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு வள்ளமும் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலைந்து ஓசைகள் கடந்தபின் அவர் கையூன்றி எழுந்தார்.

"நம்முடையது வருகிறது" என்றார்.

"எப்படித் தெரியும், நைனா?" என்றாள் தங்கை.

"ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்."