சூரியனைக் கையில் பிடி... போனில் வாங்கு!

கன்னியாகுமரிக் கடற்கரையில் விடிகாலை ஐந்தரை மணிக் கூட்டம், முதல் நாள் முதல் ஷோ தோற்றது போங்கள்! ஹீரோ மட்டும் மேகத்துக்குப் பின்னால் இன்னும் மேக்கப் போட்டுக்கொண்டிருப்பார்.

"ஸார், கையக் கொஞ்சம் தாழ்த்துங்க... சூரியன் கீழ விழுது பாத்துக்கிடுங்க!"

கழுத்தில் கேமரா தொங்க, இப்படி அதட்டுகிறவர்தான் பீச் போட்டோகிராபர். சூரியனை உள்ளங்கையில் ஏந்துவது, இரண்டு விரலால் கிள்ளுவது, 133 அடி திருவள்ளுவரின் தலையைத் தொடுவது என்று சகல போஸும் அவரிடம் ஸ்டாக் உண்டு.

பிலிம் காலத்தில் பணத்தையும் விலாசத்தையும் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். படம் தபாலில் வரும். தேனிலவுத் தம்பதிக்கு அது வந்து சேர்வதற்குள் முதல் சண்டையே முடிந்திருக்கும். அன்றைக்கு நாம் அவரை நம்பினோம். இப்போது அவர் நம்மை நம்புகிறார். "பிடிக்கலேன்னா காசு வேண்டாம் ஸார்" என்று எடுத்துத் தள்ளிவிட்டு, விவேகானந்தர் பாறைக்கான படகு க்யூவில் நாம் மறைவதற்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். தப்பித்தால் போச்சு.

அங்கேதான் வைஃபை. கேமராவே ஒரு குட்டி வைஃபை நிலையமாகிவிடுகிறது. டவரோ இன்டர்நெட்டோ வேண்டாம். போனில் கேமரா கம்பெனியின் ஆப் இருந்தால், கேமராவின் பெயரைத் தொட்டு, அதன் திரையில் தெரியும் பாஸ்வேர்டை அடித்து, வேண்டிய படத்தை இழுத்துக்கொள்ளலாம். புதிய வித்தை இல்லை. நிக்கானின் கூல்பிக்ஸ் பி1 கேமராவில் 2005-லேயே வைஃபை வந்துவிட்டது. படத்தை வாங்கிக்கொள்ளத் தோதான போன்தான் அப்போது நம் பையில் இல்லை!

ஒரே தொல்லை, போன் ஒரு சந்தேகப் பிராணி. 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லையே!' என்று கேமராவை உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதனால் இவர்கள் முதலில் டேட்டாவை அணைக்கிறார்கள். படம் வந்ததும் மறுபடி போட்டு, வாட்ஸ்அப்பில் நமக்குத் தட்டிவிடுகிறார்கள். வைஃபை கேமரா பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் சட்டைப் பையில் இன்னொரு பேட்டரி தயார்.

வாங்கும்போது 'டாக்குமென்ட்டா அனுப்புங்கண்ணே' என்று கேளுங்கள். 24 மெகாபிக்ஸல் படம் 6000-க்கு 4000 புள்ளிகள். சும்மா போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டினால் மனைவி முகத்தில் மூக்கைத் தேட வேண்டியிருக்கும்.

நம்மிடமும்தான் போன் இருக்கிறதே, இவருக்கு எதற்குக் காசு? எடுத்துப் பாருங்கள். சாதாரண போனில் சூரியன் கடுகாக இருக்கும். அவர் நன்றாகப் பின்னால் தள்ளிப் போய் நீள லென்ஸில் எடுத்தால் அதே சூரியன் ஆரஞ்சுப் பழமாக உள்ளங்கையில் உட்காரும். அவர் பிழைப்பு அந்த லென்ஸில் இருக்கிறது.

30.12.2024 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வேறு புதிதாகச் சில போஸ்களைக் கொடுத்திருக்கிறது. மேகம் மூடிய நாளில் மட்டும் எந்த வைஃபையும் உதவாது. அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது: "சாயந்திரம் அஸ்தமனத்துக்கு வாங்க ஸார், பாத்துக்கிடலாம்!"