பிரவுன் வாத்தியார் பட்ட பாடு

த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி முறை வந்துட்டா மோட்டார் ரூம்லதான் எனக்குப் படுக்கை. தூக்கம் வராம இருக்க செல்போன்ல ஒரு பழைய இங்கிலீஷ் நாடகம் பார்ப்பேன். பேரு 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. 1977 கடைசியில இங்கிலாந்து டிவியில ஆரம்பிச்சது. உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க.

லண்டனுக்குப் பிழைக்க வந்தவங்களுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லித் தர்றவர் பிரவுன் வாத்தியார். நடிச்சவர் பேரி எவன்ஸ். பாவம், அவர் படுற பாடு கொஞ்சநஞ்சமில்லைங்க. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா, வேண்டாத அர்த்தத்தைத்தான் வகுப்பு பிடிச்சுக்கும். ரஞ்சித் சிங்கும் அலியும் சண்டைக்கு நிற்பாங்க. பிரான்ஸ் நாட்டுப் பொண்ணு வாத்தியாரையே சுத்திச் சுத்தி வரும். எல்லாம் கலைஞ்சு கிடக்கிற நேரம் பார்த்து தலைமையாசிரியை கோர்ட்னி அம்மா கதவைத் திறப்பாங்க. அவங்களுக்கு ஆம்பளை வாத்தியாரே பிடிக்காது. அப்புறம் என்ன, அர்ச்சனைதான்.

வெளிநாட்டுக்காரங்களைக் கேலி பண்ணுதுன்னு சொல்லி 1979ல நாடகத்தை நிறுத்திட்டாங்க. நிறுத்தினவர் அந்த டிவி கம்பெனியிலயே பொறுப்புல இருந்த மைக்கேல் கிரேட். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. நம்ம சினிமாவுல பட்டிக்காட்டான்னா கோமாளியாக் காட்டும்போது எனக்கும் சுருக்குன்னு இருக்கும்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அந்த வகுப்புல வாயைத் திறக்கப் பயப்படுறவங்க யாருமில்லை. ஜமீலாவுக்கு ஆரம்பத்துல இங்கிலீஷ் அனேகமாத் தெரியாது. வகுப்புல உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே பதில் சொல்லும். தப்பு பண்றது மாணவர்கள், அடி விழறது வாத்தியார் தலையில. அவர் தலையில கை வச்சுக்குவாரே தவிர, உனக்குப் படிப்பு வராதுன்னு யாரையும் ஒதுக்க மாட்டார். இதுல வேடிக்கை, அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் சிட் அசல் லண்டன்காரர். அவர் பேசுற கொச்சை இங்கிலீஷ் பிள்ளைங்க ஒருத்தருக்கும் புரியாது!

எங்க ஊர்ல பன்னிரண்டு வருசம் இங்கிலீஷ் படிச்ச பையனை நாலு வரி பேசச் சொல்லுங்க, தலையைக் குனிஞ்சுக்குவான். அவனுக்குத் தெரியாம இல்லை, யாராவது சிரிச்சுடுவாங்களோங்கிற பயம். நாளைக்கு அவன் உங்க ஆபீசுக்குத்தான் இண்டர்வியூ வருவான். தப்பும் தவறுமா ஆரம்பிச்சான்னா, அந்த வாக்கியத்தை அவனே முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.