பலகை இடுக்கு

எங்கள் வீட்டில் கோழி அடைக்கிற வேலை என்னுடையது. பொழுது மசங்கும்போது கிட்டிப்புள்ளைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஒருநாள் மறந்துபோனதில் கீரிப்பிள்ளை வந்து இரண்டு குஞ்சைத் தூக்கிப் போய்விட்டது. அதிலிருந்து கூட்டுப் பலகை எனக்கே எழுதிவைத்த சொத்து மாதிரி ஆகிவிட்டது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர். 1986 கோடை. ஐந்தாவது முடித்து முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். கோழிக்கூடு தனியாகக் கிடையாது. திண்ணையின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பொந்து விட்டுக் கட்டியிருந்தார் அய்யா. ஒரு ஆள் படுக்கிற நீளம், இடுப்புக்குக் கீழே உயரம், குறுக்கே இரண்டு கருவேலங்கம்பு. வாசலுக்கு ஒரு பழைய மாம்பலகை. அந்தப் பலகையில் நான்கைந்து வெடிப்பு ஓடியிருக்கும். வெயில் நேரத்தில் அதில் ஈர்க்குச்சியை விட்டு நோண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு.

கோழியை அடைப்பது என்று பேருக்குத்தான் சொல்வது. வெளிச்சம் குறைந்தால் அதுகளே வந்துவிடும். வாசலில் நின்று கழுத்தை நீட்டி உள்ளே ஒரு பார்வை, பிறகு குனிந்து நுழைந்துவிடும். மூத்த சேவல் கடைசியாகப் போகும். எண்ணிப் பார்த்துப் பலகையைச் சாத்தி, உடைந்த அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது.

சித்திரை பிறந்ததும் இது கெட்டது. கோழிகள் வாசல்வரை வந்தன, நின்றன, பின்வாங்கின. ஒன்று வண்டி நுகத்தடியில் ஏறிக்கொண்டது. ஒன்று முருங்கைமரத்தில். இந்தக் கலகத்துக்குத் தலைமை சாம்பி. சாம்பல் நிறத்தில் ஒரு வெடை; என் உள்ளங்கையிலிருந்து கம்பு கொத்தித் தின்கிற அளவுக்கு என்னோடு பழக்கம். அதுவே என் பேச்சைக் கேட்கவில்லை என்றால் மற்றது கேட்குமா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினேன். முருங்கையை உலுக்கினேன். கையில் சிக்கியதைக் காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளிப் பலகையைச் சாத்தினேன். குழவியோடு ஒரு செங்கல்லும் சேர்த்து முட்டுக் கொடுத்தேன்.

ராத்திரியெல்லாம் திண்ணைக்கு அடியில் இறக்கை உதறுகிற சத்தம். நான் படுப்பது அதே திண்ணையில்தான். “சூடு தாங்காம அடிச்சுக்குதுக” என்றாள் அம்மா. எனக்கும் கழுத்திலும் கக்கத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரித்தது. வேர்க்குரு என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். பகலில் அடங்கும், படுத்தால் மறுபடி தொடங்கும். அதைக் கோழியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் சாம்பி அடை உட்கார்ந்தது. அப்பத்தா கூட்டின் ஓர மூலையில் உடைந்த சட்டியில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பதினோரு முட்டை வைத்தாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகப் போகும் என்று ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஓர் ஆணி. அடைக்கோழி ஒரு தவசி. நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கும். அவசரமாக நாலு கொத்து, ஒரு வாய் தண்ணீர், சாம்பல் குழியில் ஒரு புரளல், திரும்பவும் சட்டி. இருபத்தோரு நாளும் இப்படித்தான். சாம்பியோ சாம்பல் குழியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. அலகால் இறக்கைக்கு அடியில் குடைந்துகொண்டே இருக்கும். ரத்தச் சிவப்பாக இருந்த அதன் கொண்டை, ஊறவைத்த வெங்காயத் தோல் மாதிரி வெளுத்துவிட்டது. பிடித்துக்கொண்டுபோய் முட்டைமேல் உட்கார வைப்பேன். நான் நகர்ந்ததும் எழுந்து வந்துவிடும். பலகையைப் பகலிலும் சாத்த ஆரம்பித்தேன்.

பதின்மூன்றாவது நாள் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தது, உட்காரவில்லை. முட்டை சில்லிட்டுக் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓட்டின்மேல் குண்டூசி முனையால் குங்குமம் தொட்டு வைத்தாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள். எச்சில் தொட்டுத் தேய்த்தேன், இழுவிக்கொண்டு வந்தது. கோழியே கொத்தியிருக்கும் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சித்தப்பாதான் முதலில் கோழியைப் புரட்டிப் பார்த்தவர். “செல்லு பிடிச்சிருக்குடா” என்றார். மறுநாள் உரக்கடையில் ஒரு காகிதப் பொட்டலம் வாங்கி வந்தார். பி.எச்.சி. பொடி, பத்து பர்சன்ட். கத்தரிக்காய்க்குத் தூவுவதும் அதுதான், எறும்புக்குக் கோடு போடுவதும் அதுதான், அந்தக் காலத்தில் ஊருக்கே சஞ்சீவி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கோழியாக இறக்கையைத் தூக்கித் தூவினார். பிடித்துக் கொடுத்தது நான். கோழிகள் தும்மின. இன்னொரு வெடையின் பின்னால் திரிந்த குஞ்சுகளில் மூன்று, இரண்டு நாளில் கழுத்து தொங்கிச் செத்தன. கூட்டுக்குள் அலைச்சல் குறையவில்லை. 1997-இல் அந்தப் பொடியை நாட்டிலேயே தடை செய்தபோது செய்தியை வாசித்துவிட்டு, துண்டு கட்டாமல் நின்ற என் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

“அப்ப ஒரு மாசத்துக்குக் கூட்டச் சும்மா போடுவோம். தீனி இல்லாம அதுவாச் சாகும்” என்றார் சித்தப்பா. அப்பத்தா பதில் சொல்லவில்லை. கூமுட்டைகளைக் குப்பைக்குழிக்கு எடுத்துப் போகும்போதுதான் அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். கட்டைவிரலால் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்னை எழுப்பினாள். “அப்பு, டார்ச் எடுத்துட்டு வா.” குழவியையும் செங்கல்லையும் தள்ளிப் பலகையை மெதுவாகச் சாய்த்தாள். நான் வெளிச்சம் அடித்தேன். பகலில் நான் ஈர்க்குச்சி விட்டு நோண்டிய அதே வெடிப்பு. அதன் ஓரமெல்லாம் நரைத்த சாம்பல் ஒட்டியிருக்கிற மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க அந்தச் சாம்பல் நகர்ந்தது. ஊசிமுனை அளவில் ஒன்று, பத்து, ஆயிரம். வெளுப்பாகக் கிளம்பி வரிசை வரிசையாகக் கருவேலங்கம்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எதிர் வரிசையில் திரும்பி வந்தவை சிவப்பாக இருந்தன. அப்பத்தா பலகை ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். ரேகை முழுக்க ரத்தம்.

“கோழிக்கு ஒண்ணுமில்லடா. கூட்டுக்குத்தான் சீக்கு.”

என் கழுத்து தானாக அரிக்க ஆரம்பித்தது.

வெகுகாலம் கழித்துப் புத்தகத்தில் அதன் பேர் படித்தேன்: டெர்மனைசஸ் காலினே, சிவப்புக் கோழிச்செல்லு. உடம்பு ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. எட்டுக் கால், சிலந்தியின் பங்காளி. ராத்திரி மட்டும் கோழிமேல் ஏறிக் குடிக்கும். விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். முட்டை போடுவதும் இடுக்கில்தான். கோழி மேலேயே குடியிருக்கிற வேறு வகைச் செல்லும் உண்டு. அதைக் கோழியைப் புரட்டினால் பகலிலேயே பார்த்துவிடலாம். எங்களுடையது அதுவல்ல. பட்டப்பகலில் வீட்டில் இல்லாத ஆளைத் தேடி சித்தப்பா இறக்கை இறக்கையாகப் பொடி தூவியிருக்கிறார். இன்னொன்றும் போட்டிருந்தது: குடிக்க ரத்தமே கிடைக்காவிட்டாலும் எட்டு ஒன்பது மாதம்கூட அது தாக்குப்பிடிக்கும். ஒரு மாசம் கூட்டைச் சும்மா போட்டிருந்தால் கோழிகளுக்கு மரத்தில் ஒரு மாசம் லீவு கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் அப்பத்தா கோழிகளின் பக்கமே போகவில்லை. கூட்டில் இருந்த வைக்கோலை வாரி முற்றத்தில் போட்டுக் கொளுத்தினாள். படபடவென்று எள் பொரிகிற சத்தம் கேட்டது. கருவேலங்கம்பையும் அடுப்பில் வைத்தாள். பலகையைக் கழற்றிக் களத்தில் போட்டு, நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெடிப்பு வெடிப்பாக ஊற்றினாள். உள்ளே தவழ்ந்து போகிற அளவுக்கு நான்தான் ஒல்லி என்பதால் சுவரைச் சுரண்டும் வேலை எனக்கு வந்தது. தலையில் துண்டு, உடம்பெல்லாம் வேப்பெண்ணெய். பழைய அரிவாளின் மொன்னை முனையால் விரிசல்களைக் கிளறி, செம்மண்ணும் சாணியும் பிசைந்து அப்பி அடைத்தேன். அது காய்ந்ததும் கல்சுண்ணாம்பைப் பானையில் போட்டு நீற்றினாள். அது கொதித்து அடங்கியதும் தென்னைமட்டைத் தூரிகையால் மூலை விடாமல் அடித்தோம். கண்ணில் தெறித்துவிடும் என்று அவள் வெளியிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள். மூத்த சேவலின் காலில் செதில் கிளம்பியிருந்ததற்கும் போகிற போக்கில் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். அது வேறொரு செல்லின் வேலை; தோலுக்குள் குடியிருப்பது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். “எட்டாம் நாள் இன்னொரு தடவை” என்றாள். சாமி காரியம் போல ஏதோ கணக்கு என்று நினைத்துக் கேட்டேன். “ஆத்தாளக் கொன்னுட்டோம். முட்டை பொரிக்குமில்ல?” கோடைச் சூட்டில் முட்டை பொரித்துப் பெரிதாகி அதுவும் முட்டையிட ஏழு முதல் பத்து நாள் என்று அந்தப் புத்தகமும் சொன்னது. அதே வெந்நீர், அதே சுண்ணாம்பு, எட்டாம் நாளும். உட்காரப் புதுக்கம்பு வெட்டினாள், சுவரில் செருகவில்லை. கவட்டைக்கால் நட்டு அதன்மேல் வைத்து, காலைச் சுற்றி எண்ணெய்த் துணி கட்டினாள்.

அன்று ராத்திரி கோழிகளை உள்ளே விடவில்லை. வெறும் கூட்டின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, இடது கையைத் தோள்வரை உள்ளே நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் நான் டார்ச்சோடு. வெற்றிலை மென்றுகொண்டே, பக்கத்து வீட்டுக் கல்யாணச் சண்டை, கண்மாய் மடை என்று என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு படி நெல் குத்துகிற நேரம் இருக்கும். கையை இழுத்து, “அடி பாப்போம்” என்றாள். சுருக்கம் விழுந்த அந்தக் கையை மணிக்கட்டிலிருந்து கக்கம்வரை வெளிச்சத்தில் தேடினேன். பச்சை குத்தின தேளைத் தவிர ஒன்றுமில்லை.

மறுநாள் அந்தியில் பலகையைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றேன். விளக்குமாறு எடுக்கவில்லை. கோழிகள் வந்தன, சுண்ணாம்பு நெடிக்குத் தலையை ஆட்டின, ஒவ்வொன்றாகக் குனிந்து போயின. சேவலும் போனது. சாம்பி வாசலில் நின்று என்னைப் பார்த்தது. உள்ளங்கையில் கம்பை வைத்து நீட்டினேன். வந்து கொத்தவில்லை, திரும்பி நடந்து முருங்கைமரத்தடிக்குப் போய், இரண்டு தாவலில் மேல்கிளையில் ஏறிக்கொண்டது.

“வரும், விடு” என்றாள் அப்பத்தா.

வரவில்லை. ஆடி போய், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டும் அந்தக் கிளையில்தான் இருந்தது. நான் தினமும் எண்ணுவேன், ஒன்று குறையும். அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் பலகையைச் சாத்துவேன்.