தேன்சிட்டு வரும் முற்றம்

கொழும்பு - கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டி, சரதியேல் ஒளிந்திருந்த ஊத்துவன்கந்தைக் குன்று தெரிந்தால் மாவனல்லை கிட்டிவிட்டது. (அவனை 1864 இல் கண்டியில் தூக்கிலிட்டார்கள்.) பஸ்ஸை விட்டிறங்கி, றப்பர் மரங்களுக்கு ஊடாக ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனேன்.

காம்பராவுக்கு முன்னால் இரண்டு பாய் விரிக்கும் அளவுதான் முற்றம். ஓரத்தில் சிவப்பு வெட்சி, மூலையில் வாழை, வேலியில் மிளகுக்கொடி படர்ந்த முள்முருக்கு. உடுப்புக் காயப்போடும் கம்பியின் நுனியில் கந்தல் துணிபோல ஏதோ தொங்கியது. எடுக்கப் போனேன்.

"தொடாதீங்க தங்கச்சி, அது கூடு!" என்றார் வீட்டுக்கார அக்கா.

தேன்சிட்டின் கூடு. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்குகளைச் சிலந்தி வலையால் ஒட்டிப் பெண்சிட்டுத்தான் கட்டுகிறது. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சிறு தாழ்வாரம்கூட உண்டு. அந்த அக்கா கூரையின் ஒரு மூலையைக் கூட்டுவதே இல்லை. "ஒட்டடைய எடுத்துட்டா அது எத வச்சுக் கட்டும்?"

கனடாவில் இருக்கும் என் தங்கை, சீனித்தண்ணீர்ப் போத்தலில் ஹம்மிங் பறவை குடிக்கும் படத்தை அனுப்பி, நம் வளவுக்கும் அது வராதா என்று கேட்டிருந்தாள். வராது. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் அது இல்லை. நமக்கு வாய்த்தது தேன்சிட்டு. அவற்றில் நீண்டு வளைந்த அலகுடைய ஒன்றுக்கு, 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றே குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும். ஆகவே பூவுக்குப் பக்கத்தில் ஒரு கிளை வேண்டும். செடியை ஒட்ட வெட்டி அழகுபார்க்க வேண்டாம்.

2010 இல் நாங்கள் வன்னிக்குத் திரும்பியபோது வளவில் கிணற்றுக்கட்டு மட்டுமே நின்றது. நிறம் வேண்டுமென்று குரோட்டன்களாக வாங்கி நட்டேன். வளவு நிறைந்தது, ஆனால் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. குரோட்டனில் அதற்குக் குடிக்க என்ன இருக்கிறது?

வெட்சி நம் நாட்டுச் செடி. சிங்களத்தில் ரத்மல், சிவப்புப் பூ என்று பொருள். பென்சில் தடிப்பில், மூன்று நான்கு கணுவுள்ள தண்டை வெட்டி நிழலில் நட வேண்டும். வேர்விடச் சில கிழமைகள் செல்லும், பொறுமை வேண்டும். முள்முருக்குக்கு அந்தப் பாடில்லை. கைத்தடிப்புள்ள தடியை மழை தொடங்கும்போது ஊன்றினால் வேலியுமாகும், ஆட்டுக்குக் குழையுமாகும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சிவக்கச் சிவக்கப் பூக்கும். வாழைப்பொத்திக்கும் தேன்சிட்டு வரும். மாமரத்துக் குருவிச்சைப் பூவிலும் அதற்குத் தேன் உண்டு. முழுவதையும் வெட்டித் தள்ளாமல் ஒரு கொத்தை விட்டுவையுங்கள், மாமரம் தாங்கும். உண்ணிச்செடிப் பூவுக்கும் சிட்டு வருவது மெய்தான். ஆனாலும் அது வெளிநாட்டிலிருந்து வந்து பற்றைக்காடுகளை மூடிவிட்ட செடி, நான் அதை நடச் சொல்லமாட்டேன்.

பூச்சிமருந்து மட்டும் அடிக்கவேண்டாம். குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது சிலந்தியும் சிறுபூச்சியும்தான்.

புறப்படும்போது அக்கா ஐந்து வெட்சித் தண்டுகளை ஈர வாழைமடலில் சுற்றித் தந்தார். வவுனியா வரை மடியிலேயே வைத்திருந்தேன். கூடத் தண்ணீர் ஊற்றி இரண்டை அழுகவிட்டது என் பிழை. மற்ற மூன்றும் கிணற்றடியில் துளிர்த்திருக்கின்றன.