படித்துவிட்டுப் பக்கம் போடுங்கள்

நாளிதழில் பக்கம் வடிவமைக்கும் வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான். பசையும் கட்டரும் வைத்துப் பக்கம் ஒட்டிய காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன் நான். புரோமைட் என்ற ஒளிப்படத் தாளில் வந்த செய்தியைப் பத்தி பத்தியாக நறுக்கி, லைட் டேபிளில் வைத்து ஒட்டுவோம். பிறகு பேஜ்மேக்கர் வந்தது, குவார்க் வந்தது, இன்டிசைன் வந்தது. எதுவும் எங்களை அதிக நாள் மிரட்டவில்லை. நாளைக்கு இன்னொன்று வரும், அதையும் நீங்கள் பழகிக்கொள்வீர்கள். செய்தியை முழுக்கப் படித்த பிறகே பக்கத்தில் கைவைப்பது என்ற பழக்கம் அப்படிச் சுலபத்தில் வராது. அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

லூயி சில்வர்ஸ்டைன் என்ற பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1952இல் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் செய்திப் பிரிவில் இல்லை. பத்திரிகையை விளம்பரப்படுத்தும் பிரிவில் கலை இயக்குநராக உட்கார்ந்தார். 1967இல்தான் பத்திரிகையின் தோற்றத்தையே திருத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினார். முதல் பக்கத் தலைப்பில் பத்திரிகையின் பெயருக்குப் பின்னால் காலங்காலமாக நின்ற முற்றுப்புள்ளியை எடுத்தார். 1970 செப்டம்பரில் தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வெளியாருடைய கருத்துகளுக்கென்று ஒரு பக்கம் தொடங்கியபோது அதன் வடிவமும் அவருடையதுதான். கட்டுரையில் உள்ளதையே திரும்ப வரைந்து காட்டாமல், படமும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அந்தப் பக்கத்தில் வேர்பிடித்தது.

1976இல் முதல் பக்கத்தின் எட்டுப் பத்திகள் ஆறாயின. அதே ஆண்டிலிருந்து 1978க்குள் வாரக்கடைசி, வீடு, விளையாட்டு, அறிவியல் என்று தனித்தனிப் பகுதிகள் பிறந்தன. நியூயார்க் நகரமே கடனில் மூழ்கி, வாசகர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நெருக்கடியில் சில்வர்ஸ்டைன் என்ற ஓவியக்காரரை ஆசிரியர் குழுவின் உயர்ந்த பொறுப்பில் வைத்தார்கள். வாசகர் எதைத் தேடிப் பத்திரிகையைப் பிரிக்கிறார் என்ற கேள்வியிலிருந்து வேலையைத் தொடங்கினால்தான் ஆசிரியர்கள் ஒரு வடிவமைப்பாளரின் பேச்சைக் காதில் வாங்குவார்கள். அவருடைய பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். 1985இல் ஓய்வுபெற்றார். 2011இல் தம் 92ஆம் வயதில் மறைந்தார்.

அதே ஊரில் இன்னொரு கதையும் நடந்தது. நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழை 1963இல் பீட்டர் பலாஸோ புதிதாக வடிவமைத்தார். அந்தக் காலத்து அமெரிக்க நாளிதழ்களில் அதைப்போல் அழகாக வந்தது அபூர்வம். ஆனால் 114 நாள் நீடித்த அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஓயாத நஷ்டமும் அதை நிமிரவிடவில்லை. 1966இல் நின்றுபோனது. பத்திரிகை நின்றாலும் அதன் ஞாயிறு இணைப்பு 1968இல் நியூயார்க் என்ற பெயரில் தனி இதழாக எழுந்து, இன்றுவரை வருகிறது. நீங்கள் வேலை செய்யும் பத்திரிகை ஒருநாள் மூடப்படலாம். எங்கள் தலைமுறையில் பலர் அதைப் பார்த்தோம். அங்கே பழகிய உங்கள் கையும் கண்ணும் வேறோர் இடத்தில் பயன்படும். மனம் விட்டுவிடாதீர்கள்.

நம் பக்கம் வருவோம். 1906இல் பாரதியார் பொறுப்பேற்று நடத்திய இந்தியா வார இதழின் பழைய பக்கங்களை எங்கேயாவது கண்டால் உட்கார்ந்து பாருங்கள். தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் கொண்டுவந்த இதழ் அது. படத்தின் யோசனையும் அதன் கீழே வரும் விளக்கமும் எழுதுகிறவரின் தலையிலிருந்தே வந்ததால், படமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தந்தி நாளிதழையும் அப்படிப் பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் எட்டும்படி சின்னச் சொல், பெரிய தலைப்பு. வடிவமைப்பு என்று யாரும் பெரிதாகப் பேசாத காலத்தில், வாசகரை மனதில் வைத்து எடுத்த முடிவு அது.

தமிழ்ப் பக்கத்தில் தமிழ் எழுத்தின் குணம் தெரியாமல் ஒன்றும் ஓடாது. ஆங்கிலத்துக்கு அளந்த பத்தி அகலத்தில் நம் சொற்கள் அடங்குவதில்லை. வரிக்கு இரண்டு மூன்று சொல் வந்தாலே அதிகம். இருபுறமும் சமமாக நிறுத்தினால் நடுவில் ஓட்டை விழும். ஓட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து பத்தி முழுக்க வெள்ளைக் கோடாக இறங்கும். சொல்லை உடைக்கலாம் என்றால், ஒற்றைக்கொம்பு மேல் வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து கீழ் வரியிலும் போய்விடக் கூடாது. மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது. மேல் வரியில் மூவும் கூவும் கீழே இறக்கும் வாலும், கீழ் வரியில் மீயும் கீயும் மேலே தூக்கும் சுழியும் மோதாமல் இருக்க, ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வரி இடைவெளி விட வேண்டும். இவற்றில் பாதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். மீதியைக் கண்தான் பார்க்க வேண்டும்.

தலைப்பை எங்கே மடிப்பது என்பதும் உங்கள் பொறுப்பு. ‘விபத்தில் இறந்த டிரைவரின் மனைவிக்கு அரசு வேலை’ என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘விபத்தில் இறந்த’ என்று முதல் வரியை முடித்துவிட்டு ‘டிரைவரின் மனைவிக்கு’ என்று இரண்டாம் வரியைத் தொடங்கினால், இறந்தது மனைவியோ என்று படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘விபத்தில் இறந்த டிரைவரின்’ என்று மடித்தால் குழப்பமில்லை. இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள். எழுந்துபோய் உதவி ஆசிரியரிடம் ஒரு சொல்லைக் குறைக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைக் குறைக்கலாம் என்று நீங்களே சொல்லும் அளவுக்குத் தமிழ் பழகியிருந்தால் அவர் மறுக்கமாட்டார்.

பக்கத்தின் மாதிரி வரைவான டம்மி உங்கள் மேஜைக்கு வரும்போதே விளம்பரங்களின் இடம் அதில் குறித்திருக்கும். பேருந்து கவிழ்ந்த செய்திக்குப் பக்கத்தில் சுற்றுலாப் பேருந்து விளம்பரம் அமைந்துவிடலாம். செய்தியைப் படித்தவர்தான் அதைப் பிடிக்க முடியும். பிடித்துவிட்டால், எத்தனை மணியானாலும் விளம்பரப் பிரிவுக்குப் போன் செய்து இடத்தை மாற்றச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் மாற்றுவார்கள்.

இன்னொன்றை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று மனித முகத்தை எந்தக் காரணத்துக்காகவும் இழுக்காதீர்கள். விபத்திலோ வெள்ளத்திலோ போனவரின் பாஸ்போர்ட் அளவுப் படம் அவசரத்தில் வரும். பெட்டி அகலமாக இருக்கும். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், வேலையும் முடிந்துவிடும். அந்த வீட்டார் அந்தத் துண்டைக் கத்தரித்துப் பல வருடங்கள் வைத்திருப்பார்கள். சில குடும்பங்களில் அதைத் தவிர வேறு படமே இருக்காது. பெட்டியை மாற்றுங்கள். பக்கத்தையே கலைத்துப் போட வேண்டியிருந்தாலும் கலையுங்கள்.

வாரத்துக்கு ஒரு இரவாவது அச்சுக்கூடத்துக்குப் போய் நில்லுங்கள். திரையில் பார்க்கிற கறுப்பு வேறு, நியூஸ்பிரிண்டில் ஊறுகிற மை வேறு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சிறியதாகப் போட்டால் ஞ, ண போன்றவற்றின் சுழிக்குள் மை புகுந்து அடைத்துவிடும். நான்கு வண்ணங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத நாளில் வண்ண எழுத்துக்கு நிழல் விழும். மெஷின்மேன் முதல் பிரதிகளை எடுத்து விரித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று, எது தேறியது, எது தேறவில்லை என்று அவரிடம் கேளுங்கள். பல வருடம் அந்தத் தாளைத் தொட்டவர் அவர். உங்கள் பக்கத்தைப் பற்றி அலுவலகத்தில் எவரும் சொல்லாததை அவர் சொல்வார்.

இப்போது பாதிப் பேர் செய்தியைக் கைபேசியில் படிக்கிறார்கள், அங்கே பத்தியும் இல்லை, மடிப்பும் இல்லை என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அங்கேயும் தலைப்பு எங்கோ ஓரிடத்தில் மடியத்தான் செய்கிறது. முகங்களும் அங்கே வருகின்றன. செய்தியின் நடுவே தானாக வந்து உட்காரும் விளம்பரம் எதுவென்று காகிதத்தில் தெரிந்த அளவுக்குக்கூட அங்கே முன்கூட்டித் தெரிவதில்லை. அதனால் பக்கம் வெளியான பிறகு ஒருமுறை, சாதாரண வாசகரைப்போல உங்கள் கைபேசியிலேயே திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள்.