வாளையாறும் சில கணக்குகளும்

வைட்டிலாவில் பஸ் ஏறி கோயம்புத்தூர் போகிறவர்கள் வாளையாறைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவோம். 2020 மே மாதம் அது பெரிய மதில்சுவர் ஆகிவிட்டது.

மே 9-ஆம் தேதி, பாஸ் இல்லாமல் தமிழ்நாட்டிலிருந்து வந்த மலையாளிகளைக் கேரள போலீஸ் அங்கேயே நிறுத்தியது. காங்கிரஸ் எம்.பி.க்கள் மூன்று பேரும் எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேரும் போய், உள்ளே விடு என்று நின்றார்கள். மறுநாள் ஞாயிறு. இங்கே எர்ணாகுளத்தில் ஹைகோர்ட் விசேஷமாகக் கூடி, மாட்டிக்கொண்டவர்களுக்குப் பாஸ் கொடுக்கச் சொன்னது. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

எங்கே முடிந்தது! அந்தக் கூட்டத்தில் சென்னையிலிருந்து வந்த ஒருவருக்குக் கொரோனா. ஐந்து பேரும் 14 நாள் தனிமையில் இருக்கவேண்டும் என்றது மருத்துவக் குழு. இடதுசாரிகளுக்குக் கொண்டாட்டம். காங்கிரஸ் சும்மா இருக்குமா? குருவாயூரில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைப் பார்க்கப்போன அமைச்சர் ஏ.சி.மொய்தீனையும் தனிமையில் வை என்று கிளம்பினார்கள். அவருக்குத் தேவையில்லை என்று பதில் வந்தது. (வைரஸுக்குக் கட்சிக்கொடி எல்லாம் அடையாளம் தெரியும் போல.)

எங்கள் சந்தில் ஒரு கொத்தனார் அண்ணன், தேனிப் பக்கம். வேலை இல்லை, வாடகை மட்டும் ஓடுகிறது, ஊருக்குப் போக இ-பாஸ் கிடைக்கவில்லை. டிவியில் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "நமக்காக எந்தக் கட்சி சார் வந்து நிக்கும்?" என்று கேட்டார். ஓட்டு அங்கே, உழைப்பு இங்கே. நான் என்னத்தைச் சொல்ல?

சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டேன். சமூக அடுக்களையிலிருந்து பொட்டலம் வந்தது. அப்போது கொச்சி மாநகராட்சி காங்கிரஸ் கையில், மாநில அரசு மார்க்சிஸ்ட் கையில். சோற்றில் இரண்டின் ருசியும் தெரியவில்லை.

இதனால் நோய்க்காலத்தில் அரசியலே கூடாது என்பவன் இல்லை நான். எதிர்க்கட்சி எதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறது என்பதுதான் விஷயம். மரணக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2020 ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 மரணங்களை அதிமுக அரசு கணக்கில் சேர்த்தது. திமுகவும் பத்திரிகைகளும் நச்சரிக்காமல் இருந்திருந்தால் சேர்த்திருக்குமா? கேரளம் உலகமே மெச்சிய மாநிலம். இங்கேயும் எதிர்க்கட்சித் தலைவர் சதீசன் விடாமல் கேட்டார். விடுபட்ட சுமார் 7,000 மரணங்கள் சேர்க்கப்படும் என்று 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் சொன்னார். வாளையாறில் நின்ற அதே காங்கிரஸ்தான். இந்தமுறை உருப்படியாக ஒரு வேலை!

எண் என்றால் வெறும் எண் இல்லை. கொத்தனார் அண்ணனின் அக்கா 2021 மே மாதம் இங்கேதான் போனார். பாசிட்டிவ் ஆன மூன்றாவது வாரம். கடைசி டெஸ்ட் நெகட்டிவ். அதனால் கணக்கில் வரவில்லை. சுப்ரீம் கோர்ட் தலையிட்டபிறகு, பாசிட்டிவ் ஆகி 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா மரணமே என்று விதி வந்தது. குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்றும் முடிவானது. மறுபடி மனுப்போட்டோம். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும், படிவத்தை நிரப்ப ஒரு ராத்திரி ஆயிற்று.

பணம் வந்தது. தேனியில் இருக்கிற அக்கா மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் போனது.