கற்றுக் கற்பித்தவர்

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுவார்க்கு முதற்படியே அரிது. அதனை எளிதாக்கும் தொடக்க நூலை யாத்தல் அதனினும் அரிது. தமிழறியாத ஐரோப்பியர்க்கு அத்தகைய நூலை வகுத்தளித்தவர் அண்டிரிக் அடிகளார் ஆவார்.

அந்நூலின் தேவையைக் குமரி மாவட்டக் கடற்கரை நன்கு உணர்த்தும். அங்கே வள்ளியாறு கடலொடு கலக்கும் பகுதியில் அமைந்துள்ளது கடியப்பட்டணம். 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் சமயப் பணியின் பொருட்டு இம்மேலைக் கடற்கரை ஊர்களுக்கு வந்தார். அவர் தமிழில் தேர்ந்தவர் அல்லர். தமிழறிந்தார் பெயர்த்துக் கொடுத்த மன்றாட்டுகளை மனப்பாடம் செய்து ஓதினார். மக்கள் அவற்றைத் திருப்பிக் கூறினர். ஆயினும், வலைஞர் ஒருவர் தம் குறையை எடுத்துரைத்தால் மனப்பாடம் மறுமொழி தருமோ? அதற்குத் துபாசி வேண்டும். துபாசி சொன்னதே இருவர்க்கும் சொல்லாகும்.

இக்குறையைக் களைந்தவரே அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் 1520ஆம் ஆண்டு பிறந்த அவர், குமரிமுனைக்குக் கிழக்கேயுள்ள முத்துக்குளித்துறைக்கு 1547இல் வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் அவரும் துபாசியையே நம்பியிருந்தார். பின்னர் இரவும் பகலும் தமிழ் பயின்றார். பெயர் வேற்றுமை ஏற்குமாற்றையும், வினை காலங்காட்டுமாற்றையும் குறித்து வைத்தார். நாளடைவில் துபாசியின்றியே உரையாடலானார்.

அக்குறிப்புகளே 1549ஆம் ஆண்டளவில், 'மலபார் மொழிக் கலை' என்னும் பொருள்பட்ட பெயருடன் போர்த்துக்கேய மொழியில் இலக்கண நூலாயின. போர்த்துக்கேயர் அந்நாளில் தமிழையும் மலபார் மொழி என்றே வழங்கினர். தம்மவர் அறிந்த இலத்தீன் இலக்கண முறையைத் தழுவியே அவர் தமிழை விளக்கினார். நம் இலக்கண மரபுக்கு அஃது ஒவ்வாத இடங்கள் உண்டெனினும், தொடக்க மாணவர்க்கு அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல அதுவே வழியாயிற்று. கடற்கரை மக்களின் பேச்சு வழக்கும் அதில் இடம்பெற்றது.

1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கியதே. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல் தமிழ் அச்சு வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஆனால், இலக்கண நூலோ ஏட்டுப் படியாகவே லிசுபன் நூலகத்தில் கிடந்து, 1982இல்தான் அச்சு வடிவம் கண்டது. அடிகளார் 1600ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.

தாம் இடறிய இடங்களை மறவாதவரே பின்வருவோர்க்கு நல்வழி காட்டவல்லார். மக்களுக்குக் கற்பிக்க வந்த அடிகளார், முதலில் அம்மக்களிடமே மாணவராய் அமர்ந்தார். அப்பணிவே அவரை ஆசிரியராக்கியது.